முதற் பட்டதாரி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

பட்டம் எதற்கு? இவ்வினாவைக் கேளாதவர் நம்மில் இலர், கேட்கப்படாதவரும் இலர். போளூர், ஆரணி, களம்பூர், படவேடு, ஜவ்வாது மலையடிவாரம் எனப் பல ஊர்களிலிருந்து காலைப் பேருந்தைப் பிடித்து நாம் கல்லூரிக்கு வருகிறோம். நம்மில் பலருடைய வீட்டில் இதற்குமுன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவரும் இல்லை. பிள்ளை பட்டம் பெற்றதும் அரசுத் தேர்வு எழுதி உத்தியோகத்தில் அமரவேண்டும் என்பதே பெற்றோரின் கனவு. அக்கனவில் குறையேதும் இல்லை. ஆயினும் நண்பர்கள் சிலர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகின்றனர். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். அப்படியிருக்க, மூன்றாண்டுகள் நுண்கணிதமும் இயற்கணிதமும் படித்து என்ன பயன்? அந்நாட்களைப் பயிற்சி நிலையத்தில் செலவிட்டால் வேலை விரைவில் கிடைக்குமே என்பது அவர்களது வாதம்.

இதற்கு விடையை நான் ஒரு மனிதரின் வாழ்க்கையில் தேடினேன். நாம் அவரவர் வீட்டுக்கு முதற் பட்டதாரி ஆகப் போகிறவர்கள். அவரோ தமிழினத்துக்கே முதற் பட்டதாரி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்ற இருவருள் ஒருவர். ஆசிரியர், பத்திரிகையாசிரியர், அரசு அலுவலர், வழக்கறிஞர், நீதிபதி எனப் பல படிகள் ஏறியவர். இத்தனைக்கும் நடுவே தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். அவர்தாம் ராவ்பகதூர் சி. வை. தாமோதரம் பிள்ளை.

இளமையும் கல்வியும்

தாமோதரம் பிள்ளை 1832-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சிறுப்பிட்டி என்னும் சிற்றூரில் வைரவநாதருக்கும் பெருந்தேவிக்கும் மகனாகப் பிறந்தார். பெயருக்கு முன்னுள்ள சி என்பது சிறுப்பிட்டியையும், வை என்பது தந்தையையும் குறிக்கும். தமிழ் இலக்கண இலக்கியங்களைச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் கற்றார். ஆங்கிலக் கல்வியைத் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் நடத்திய பள்ளியில் தொடங்கினார். பின்னர் 1844 முதல் 1852 வரை வட்டுக்கோட்டை செமினரியில் பயின்றார்.

வட்டுக்கோட்டை செமினரியைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பாதிரிமார் 1823-இல் தொடங்கிய அக்கல்விக்கூடம் அந்நாளில் ஆசியாவிலேயே சிறந்தவற்றுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. சமயம் பரப்புவதற்காக எழுந்ததே எனினும், கணிதமும் வானநூலும் இயற்கை விஞ்ஞானமும் அங்கே ஆழமாகக் கற்பிக்கப்பட்டன, தமிழும் புறக்கணிக்கப்படவில்லை. ஒரு கையில் நன்னூலும் மறு கையில் வடிவக்கணிதமும் ஏந்திய மாணவர்களை அது உருவாக்கியது. அறிவியல் மாணவனுக்குத் தமிழ் எதற்கு, தமிழ் மாணவனுக்குக் கணிதம் எதற்கு என்று நாம் இன்று கட்டியிருக்கும் வேலி அங்கே இல்லை.

படிப்பு முடிந்ததும் கோப்பாயில் ஆசிரியப் பணி கிடைத்தது. ஏறத்தாழ நம்முடைய வயது அவருக்கு. கையில் வேலை இருக்கிறது, சொந்த மண் இருக்கிறது. அத்துடன் நின்றிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். ஆனால் அவர் நிற்கவில்லை. குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார். அம்முயற்சி அவரைக் கடல்கடந்து அறிமுகப்படுத்தியது. யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணியாற்றிச் சென்னைக்கு வந்திருந்த பெர்சிவல் பாதிரியார், தாம் நடத்திய தினவர்த்தமானி என்னும் இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்க அவரை அழைத்தார். இளைஞர் தாமோதரம் சென்னைக்குக் கப்பலேறினார்.

பட்டம் வந்த காலம்

பட்டத்துக்கும் அரசு உத்தியோகத்துக்கும் இடையே முடிச்சு விழுந்த காலம் அது. சீன நாட்டில் தேர்வெழுதி அரசு அலுவலராகும் முறை பல நூற்றாண்டுகளாக இருந்துவந்தது. இங்கிலாந்தில் சிபாரிசால் பதவி பெறும் வழக்கத்தை ஒழித்துப் போட்டித் தேர்வு வேண்டும் என்று நார்த்கோட், டிரெவெல்யன் என்னும் இருவர் 1854-இல் அறிக்கை அளித்தனர். இந்தியாவில் பல்கலைக்கழகங்கள் அமைக்கவேண்டும் என்னும் சார்லஸ் வுட் அவர்களின் கல்வி அறிக்கையும் அதே ஆண்டில்தான் வந்தது. அதன் பயனாக 1857-ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் பிறந்தன. சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறிய நாள் 1857 செப்டம்பர் 5.

அப்பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர். இருவருமே வட்டுக்கோட்டையின் மாணவர்கள், இருவருமே யாழ்ப்பாணத்தவர்கள். ஒருவர் தாமோதரம் பிள்ளை. மற்றவர் கறோல் விசுவநாத பிள்ளை. விசுவநாத பிள்ளை வயதில் மூத்தவர். செமினரியில் ஆசிரியராகவும் இருந்தவர். வீசகணிதம் என்னும் பெயரில் இயற்கணிதத்தைத் தமிழில் நூலாக எழுதி 1855-இல் வெளியிட்டவரும் அவரே. கணிதம் பயிலும் எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது. தமிழரின் முதல் இரு பட்டதாரிகளுள் ஒருவர் இலக்கணப் பதிப்பாசிரியர் ஆனார். மற்றவர் தமிழில் கணித நூல் எழுதியவர்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தாமோதரம் பிள்ளை வேலை தேடிப் பட்டம் பெற்றவர் அல்லர். வேலையில் இருந்துகொண்டே பட்டம் பெற்றவர். இன்று நாம் குறைந்தபட்சத் தகுதி எது என்று அறிவிக்கையைப் புரட்டிப் பார்க்கிறோம். அவர் எட்டக்கூடிய உயர்ந்த தகுதி எது என்று பார்த்தார்.

அரசுப் பணியில்

பட்டம் பெற்றபின் கள்ளிக்கோட்டை அரசினர் கல்லூரியில் ஆசிரியராகச் சிறிது காலம் பணியாற்றினார். பிறகு சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குப் பகுதியில் அமர்ந்து, படிப்படியாக மேற்பார்வையாளர் பதவிக்கு உயர்ந்தார்.

இந்தியர் ஒருவர் அரசுப் பணியில் எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதற்கு அந்நாளில் ஓர் எல்லை இருந்தது. சிவில் சர்வீஸ் எனப்படும் உயர்பணிக்கான போட்டித் தேர்வு 1855 முதல் லண்டனில் மட்டுமே நடைபெற்றது. கடல் கடந்து சென்று அதில் முதன்முதல் வென்ற இந்தியர் சத்தியேந்திரநாத் தாகூர், ஆண்டு 1863. இந்திய மண்ணிலும் அத்தேர்வு நடத்தப்பட்டது 1922-இல்தான். ஆகவே சென்னையில் பட்டம் பெற்றவருக்கு மேல்மாடியின் கதவு பெரும்பாலும் சாத்தியே இருந்தது. கிடைத்த இடத்தில் இருந்துகொண்டு செம்மையாகப் பணி செய்வதே அவர்கள் முன் இருந்த வழி.

தாமோதரம் பிள்ளை அதைச் செய்தார். அதனினும் மேலாக ஒன்று செய்தார். கணக்குப் பகுதியில் நல்ல நிலையில் இருக்கும்போதே சட்டம் பயின்று, 1871-இல் பி.எல். பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. பகலில் அலுவலகம், இரவில் சட்டப் புத்தகம், கிடைத்த இடைவேளையில் ஏட்டுச்சுவடி. அரசுப் பணியிலிருந்து 1882-இல் ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில் நடத்தினார். 1887-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நீதிபதிகளுள் ஒருவராக அமர்ந்தார். 1895-இல் அரசு அவருக்கு ராவ்பகதூர் பட்டம் வழங்கியது.

ஏடும் அச்சும்

இவ்வளவோடு முடிந்திருந்தால் அவர் பெயர் பழைய அரசுப் பதிவேடுகளில் ஒரு வரியாக உறங்கியிருக்கும். இன்றும் நாம் அவரை நினைப்பதற்குக் காரணம் வேறு.

அந்நாளில் பழந்தமிழ் நூல்கள் பனையோலைகளில் இருந்தன. ஓலைக்கு ஆயுள் குறைவு. ஒரு தலைமுறை படியெடுக்கத் தவறினால், கறையானும் பூச்சியும் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. இந்த அழிவைக் கண்டு பதறியவர்களுள் முன்னின்றவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். அவர் வழியில் தாமோதரம் பிள்ளை இறங்கினார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் 1868-இல் அவர் முயற்சியால் வெளிவந்தது. அதன்பின் 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் அகப்பொருள், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் சூளாமணி என ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் அச்சேறின. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சுக் கண்டது கலித்தொகையே. ஓய்வு பெற்ற 1882-க்குப் பின்னரே இவற்றுள் பெரும்பாலானவை வந்தன என்பதையும் கவனிக்க வேண்டும்.

அச்சிடுதல் என்றால் ஏட்டைப் பார்த்து எழுத்துக் கோப்பது மட்டும் அன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வேறுபடா. ஒரே நூலுக்குப் பல ஊர்களிலிருந்து படிகளைத் திரட்டி, வரிக்கு வரி ஒப்பிட்டு, எது பாடம், எது எழுதினவர் பிழை என்று முடிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டுப் பட்டுத்தறியில் பாவு இழை அறுந்தால், என் தந்தையார் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அதன் மறுமுனையைக் கண்டுபிடித்து முடிபோட்ட பிறகுதான் நாடாவை மறுபடி தொடுவார். முனை மாறி முடிந்தால் சேலை முழுவதும் அந்தக் குறை ஓடும். ஏட்டை ஒப்பிடுவதும் அப்படிப்பட்ட வேலையே என்று எனக்குத் தோன்றுகிறது. பல்லாண்டு வரவையும் செலவையும் சரிபார்த்த அலுவலகப் பழக்கம் இப்பணியில் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்றும் எண்ணுகிறேன்.

அவர் பதிப்புகளில் குறையே இல்லை என்று கூறமுடியாது. பொருளதிகாரம் முழுமைக்கும் நச்சினார்க்கினியர் உரை என்றே அவர் வெளியிட்டார். பின்னால் உள்ள சில இயல்களுக்கான உரை பேராசிரியருடையது என்று பின்வந்த அறிஞர்கள் தெளிவுபடுத்தினர். ஆனால் அவர்கள் ஆராய்வதற்குக் கையில் ஒரு நூல் இருந்ததே, அதைத் தந்தவர் அவர். கும்பகோணத்தில் இருந்தபோது அவருடன் பழகிய உ. வே. சாமிநாத ஐயர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், அதன்பின் பத்துப்பாட்டையும் புறநானூற்றையும் பதிப்பித்து அப்பாதையைப் பெருவழியாக்கினார். பதிப்புத் துறையில் நாவலர் அடித்தளம் இட்டார், தாமோதரம் பிள்ளை சுவர் எழுப்பினார், ஐயர் கூரை வேய்ந்தார் என்று அறிஞர் கூறுவது வழக்கம்.

சொந்த நாட்டையும் அவர் மறக்கவில்லை. ஏழாலையில் பள்ளி ஒன்றை நிறுவினார். பள்ளிப் பிள்ளைகளுக்காக வாசகப் புத்தகங்கள் எழுதினார். 1901-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், புதிய நூற்றாண்டு பிறந்த அன்று, சென்னையில் அவர் மறைந்தார்.

நமக்கு அவர் யார்?

இந்தியாவில் மாகாண அளவில் முதன்முதல் அமைந்த தேர்வாணையம் நம் சென்னை மாகாணத்தினுடையதே. 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது தோன்றியது. 1970 முதல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் என வழங்குகிறது. தமிழ்வழியில் பயின்றவர்களுக்கு 20 விழுக்காடு இடங்களில் முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. தாமோதரம் பிள்ளைக்குச் சாத்தியிருந்த கதவுகள் போளூர் நெசவாளியின் பிள்ளைக்குத் திறந்திருக்கின்றன. அப்படியானால், திறந்த கதவின் வழியே நாம் எதைக் கொண்டு உள்ளே போகப் போகிறோம் என்பதே கேள்வி.

நெசவாளர் உதவி ஒன்றுக்காக என் தந்தையார் ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தறி நின்றது. ஒரு நாள் கூலி போயிற்று. விண்ணப்பத்தில் என்ன குறை என்பதை உட்காரவைத்துச் சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் தேர்வில் வென்று வந்தவர்தாம். அவரிடம் இல்லாதது தகுதி அன்று. எதிரில் நிற்பவர் ஒரு நாள் பிழைப்பை விட்டு வந்திருக்கிறார் என்னும் எண்ணம். அதைப் பயிற்சி நிலையத்து வினா விடைத் தொகுப்பு கற்றுத்தராது. ஒன்றைப் பொறுமையாக ஆராய்தல், பிழை எங்கே என்று தேடுதல், தெரியாததைக் கேட்டறிதல், பிறருக்கு விளங்கச் சொல்லுதல் ஆகிய பழக்கங்களை ஆய்வுக்கூடமும் நூலகமும் வகுப்பறையும் மூன்றாண்டுகளில் மெல்லமெல்லத் தருகின்றன. பட்டம் என்பது அந்தப் பழக்கங்களின் பெயர் என்றே நான் கொள்கிறேன்.

நான் குரூப் 4 தேர்வும் எழுதுவேன். வீட்டு நிலை அதை வேண்டுகிறது. ஆயினும் பட்டப்படிப்பை அதற்காகக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை. வேலை கிடைத்தாலும் குரூப் 2 எழுதுவேன். அஞ்சல் வழியிலேனும் முதுகலைக் கணிதம் பயில்வேன். பணியில் இருந்துகொண்டே முப்பத்தொன்பது வயதில் சட்டம் பயின்ற ஒருவர் நமக்கு முன்னே சென்றிருக்கும்போது, இருபது வயதில் படித்தது போதும் என்று சொல்ல நமக்கு உரிமை ஏது?

உத்தியோகம் தாமோதரம் பிள்ளைக்குச் சோறு போட்டது. அந்தச் சோற்றின் வலிமையில் அவர் தமிழுக்கு உழைத்தார். நண்பர்களே, நாம் அனைவரும் நூல் பதிப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் சம்பளத்துக்கு அப்பால் நாம் செய்யவேண்டிய பணி ஒன்று ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அது எது என்று கண்டுகொள்ளும் இடம் இக்கல்லூரியாகட்டும். நமக்குப்பின் நம் தெருவிலிருந்து வரும் பிள்ளைக்கு, படித்த அண்ணனாக, படித்த அக்காவாக நாம் வழிகாட்டி நிற்போம்.