குடை விரித்த சிற்பி

சுவிட்சர்லாந்தில், கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன லா ஷோ த ஃபோன் என்னும் ஊரில், 1887-ஆம் ஆண்டு பிறந்தார் ஷார்ல் எதுவார் ழான்னரே. தந்தையார் கடிகார முகப்புக்கு எனாமல் பூசும் தொழிலாளி. 1917-ல் பாரிசில் குடியேறிய மைந்தர், 1920-ல் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் லெ கொர்பூசியே. உலகம் அறிந்தது அந்தப் பெயரைத்தான்.

பழைய நகரங்களில் காற்றில்லை, ஒளியில்லை என்று கண்டார் அவர். கண்ட நோய் உண்மை. சொன்ன மருந்தோ கடுமை! பாரிசின் நடுப்பகுதியை இடித்து நிரவி, 60 மாடிக் கோபுரங்கள் பதினெட்டை எழுப்பலாம் என 1925-ல் திட்டம் தந்தார். பாரிசு ஏற்கவில்லை.

பாரிசு மறுத்ததைப் பஞ்சாப் அழைத்தது. 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. புதிய தலைநகர் தேவை. முதலில் திட்டம் வகுத்த மேயரின் துணைவர் நோவிக்கி 1950-ல் விமான விபத்தில் மாண்டார். பொறுப்பு கொர்பூசியேயிடம் வந்தது, சண்டிகர் எழுந்தது. வெற்று நிலத்தில் எழுந்த நகர் என்பார்கள். வெற்று நிலமா அது? அங்கே கிராமங்கள் இருந்தன. உழவர் எதிர்த்தனர், இறுதியில் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறினர். இதை மறைத்து அவர் புகழ் பாட நாம் ஒருப்படோம்.

ஆயினும் அவர் கட்டிய உயர்நீதிமன்றத்தைப் போற்றாதிருக்க முடியுமா? 1955-ல் பிரதமர் நேரு திறந்து வைத்தார். வெயிலுக்குக் குடை பிடித்தாற்போல் மாபெரும் கான்கிரீட் கூரை. அதன் கீழ்க் காற்று உலாவும் இடைவெளி. வாயிலில் பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணத்தில் மூன்று பெருந்தூண்கள். ஆனால் வெயிலும் மழையும் அறை வாயிலை எட்டின. பின்னர்த் தாழ்வாரம் சேர்க்க வேண்டி வந்தது. 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அவ்வளாகத்தில், முதலாம் எண் அறைக்கும் தாழ்வாரம் அமைக்க 2025-ல் உச்சநீதிமன்றம் இசைவளித்தது.

1965-ல் மத்தியதரைக் கடலில் நீந்துகையில் கொர்பூசியே மறைந்தார். அவர் வாழ்வு நமக்குக் கற்பிப்பது யாது? நீதிமன்றம் சிற்பியின் புகழுக்கு மட்டும் உரியதன்று. வழக்கோடு வந்து வாயிலில் காத்து நிற்பவனுக்கும் உரியது. நகரைப் புதுப்பிப்போர் கோலை எடுத்துக் கோடு கிழிக்கும் முன், அந்தக் கோட்டின் கீழ் எவர் வீடு கிடக்கிறது என்று பார்க்கட்டும்!