கண்ணை மட்டும் நம்பாத மனிதர் – ஜோசப் விட்வொர்த்

ஒர்க்‌ஷாப்பில் நமக்கெல்லாம் இந்த அனுபவம் உண்டு. அலுமினியத் துண்டை ராவி, எமரி தேய்த்து, பளபளவென்று கொண்டுபோய் நீட்டுவோம். ஒருவர் நல்லாயிருக்கு என்பார். இன்னொருவர் அதையே ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்து, கோடு தெரியுதே என்பார். அவ்வளவுதான், மார்க் போச்சு! இதில் யார் சொல்வது சரி?

இந்தச் சண்டைக்கு வழி காட்டியவரின் பெயர் நம் டேப் செட்டிலேயே இருக்கிறது. பி.எஸ்.டபிள்யூ. மரையில் வரும் அந்த 'டபிள்யூ'தான் சர் ஜோசப் விட்வொர்த்!

1803 டிசம்பர் 21-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். 14 வயதில் உறவினரின் பஞ்சாலைக்கு அனுப்பினார்கள். மனசு மெஷினில்தான் ஒட்டியது. நாலு வருஷத்தில் அதை விட்டு மான்செஸ்டரில் சாதாரண மெக்கானிக் ஆனார். 1825-ல் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் சேர்ந்தார். அங்கிருந்த மைக்ரோமீட்டருக்கு 'லார்ட் சான்சலர்' என்று பட்டப்பெயர். அளவில் தகராறு வந்தால் அதன் தீர்ப்பே கடைசி!

அளவுக்கு நீதிபதி கிடைத்தாச்சு. மேற்பரப்புக்கு? அந்நாளில் இரு தகடுகளை எமரி போட்டு ஒன்றோடொன்று தேய்ப்பார்கள். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஒன்று மேடு, மற்றது பள்ளம் என்றாலும் பொருந்துமே! விட்வொர்த் மூன்று தகடுகளை எடுத்தார். ஒன்றில் வண்ணம் பூசி அடுத்ததன்மேல் வைத்து, ஒட்டிய மேடுகளை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டினார். மூன்றும் மாறி மாறிப் பொருந்தினால் அது சமதளம். வேறு வழியே இல்லை. இதை 1840-ல் கிளாஸ்கோ அறிவியல் கூட்டத்தில் விளக்கினார். 1841-ல் பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து ஒப்பிட்டு, 55 டிகிரி மரையைப் பொது அளவாக முன்வைத்தார். 1851 லண்டன் கண்காட்சியில் அவர் வைத்த அளவுக் கருவி, அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டியது!

சம்பாதித்ததைத் தனக்கே வைத்துக்கொள்ளவில்லை. 1868-ல் இளம் பொறியாளர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். அது இன்றும் தொடர்கிறது. 1887 ஜனவரி 22-ல் மறைந்தார். அலுமினியத்தை மலிவாக்கிய ஹால்-ஹெரூல்ட் முறை வந்தது அதற்கு முந்தைய வருஷம், 1886-ல்தான்!

இன்று சொரசொரப்பை ஸ்டைலஸ் கருவி மைக்ரானில் சொல்லிவிடும். ஆனால் கீறல், கறை, நிறம்? ஒரே அலுமினியப் பரப்பு டியூப்லைட்டில் ஒரு மாதிரி, வெயிலில் வேறு மாதிரி தெரியும். ஆகவே எந்த வெளிச்சம், எத்தனை தூரம், எத்தனை வினாடி பார்ப்பது, எவ்வளவு நீளக் கீறல் வரை பாஸ் என்று வேலைக்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரித் துண்டும் வேண்டும்.

தோழர்களே, நாளை நாமும் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்காரலாம். ரிஜெக்ட் என்று ஒதுக்கும் ஒவ்வொரு பீஸும் ஒரு தொழிலாளியின் உழைப்பு. அதை நம் மூடு தீர்மானிக்கலாமா? மூன்று தகட்டுக்காரரை நினைத்துக்கொள்வோம்!