தரங்கம்பாடி வைத்தியர் கோனிக்

தமிழ்நாட்டிலே கறிவேப்பிலையை அறியாத இல்லம் ஒன்றும் இல்லை. அதனைத் தாளிப்பதும், உண்ணுங்கால் இலையின் ஓரத்தில் ஒதுக்குவதும் நமக்கு நாடோறும் நிகழும் செயல்களாம். அங்ஙனம் நாம் ஒதுக்கித் தள்ளும் அவ்விலைக்குத் தாவர நூலோர் இட்டு வழங்கும் இலத்தீன் பெயரில் ஒரு மனிதருடைய பெயர் பதிந்து கிடக்கின்றது. தாவர நூல் பயில்வார் அனைவரும் அப்பெயரை அறிவர். ஏனையோரும் அறிந்துகொள்ளத் தக்கவர் அவர். யோவான் கெர்ஹார்டு கோனிக் என்பது அவர் பெயர். தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்து, பதினேழு ஆண்டுகள் கீழ்த்திசை நாடுகளில் அலைந்து திரிந்து, இந்திய மண்ணிலேயே அடங்கினார். செடிகொடிகளை ஆராய்ந்த பேரறிஞர் என்றே அவரைப் போற்றுவது வழக்கம். யானோ தமிழ் பயிலும் மாணவன். எனக்கு அவர்பால் ஈடுபாடு உண்டானது வேறொரு காரணம் பற்றி. அவர் கறையானைக் குறித்து எழுதியவர்.

கறையானுக்கும் எனக்கும் பழம்பகை உண்டு. என் ஊர் சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே மலையடிவாரத்தை ஒட்டிய இராயகிரி. என் பாட்டனார் போற்றி வைத்திருந்த ஏட்டுச் சுவடிகள் இரண்டு, ஒரு மழைக்காலத்திலே பரண்மேல் செல்லரித்துப் போயின. கட்டை அவிழ்த்தபோது ஓலைக்கு மாறாக மண்ணே உதிர்ந்தது. அவை எந்நூலின் பிரதிகள் என்பதைக் கூட யாங்கள் அறியக் கூடவில்லை. தமிழ்ச் சிறப்புப் பாடம் எடுத்துப் படிக்கும் ஒருவனுக்கு இஃது எத்துணைத் துயரம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அன்றுமுதல் வழியிற் காணும் புற்றையெல்லாம் காலால் இடித்துவிட்டுப் போவது என் வழக்கமாயிற்று. கோனிக்கின் வரலாற்றைக் கற்றபின் அவ்வாறு செய்யக் கால் எழவில்லை.

கோனிக் 1728-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ஆம் நாள், பால்டிக் கடலை அடுத்த நாட்டிலே, இக்காலத்தில் லாத்வியா என வழங்கும் நிலப்பகுதியில், ஜெர்மன் மொழி பேசும் குடியிற் பிறந்தார். அக்காலத்தே சுவீடன் தேசத்தில் லின்னேயஸ் என்னும் பேராசிரியர் ஒவ்வோர் உயிருக்கும் இருசொற் பெயர் சூட்டும் முறையை வகுத்து, உலகின் நாலாதிசைகளுக்கும் தம் மாணாக்கரை ஏவி வந்தார். 1757-இல் கோனிக் அவரிடம் தனி மாணாக்கராய்ச் சேர்ந்தார். பின்னர் டென்மார்க்கிற் சில ஆண்டுகள் தங்கினார். 1764, 1765-ஆம் ஆண்டுகளில் ஐஸ்லாந்துத் தீவின் பூண்டுகளைத் தேடிச் சென்றார். அங்கே கண்டெடுத்த ஒரு சிறு பூண்டு, ஓரிரண்டு அங்குலமே உயர்வது, ஆசிரியரால் அவர் பெயராலேயே கோனிகியா என்று அழைக்கப்பெற்றது. மாணாக்கனுக்கு ஆசிரியன் அளிக்கத்தக்க பரிசில் இதனினும் பெரிது யாது?

1767-இல் அவர் இந்தியாவை நோக்கிக் கப்பல் ஏறினார். வழியில் நன்னம்பிக்கை முனையில் 1768-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முழுவதும் தங்கி, மேசை மலைப் பக்கத்துச் செடிகளைத் திரட்டினார். அவ்வாண்டே தரங்கம்பாடி சேர்ந்தார். சீகன்பால்கு ஐயர் 1706-இல் வந்திறங்கிய அதே துறைமுகம் அது. நோயாளரைக் காண்பது அவர் கடமை. செடிகளைக் காண்பது அவர் வேட்கை. அவருடைய வேட்கை மற்றவரையும் பற்றிக்கொண்டது. யோவான் ஐயர், ரொட்லர் ஐயர், கிளைன் ஆகியோர் பிற்காலத்தில் சிறந்த தாவர ஆராய்ச்சியாளராய் விளங்கினர். தமிழ் மாணவராகிய நாம் ரொட்லரை அகராதியால் அறிவோம். சொற்களைத் தேடித் தொகுத்த அக்கை, காட்டுப் பூண்டுகளையும் தேடித் தொகுத்ததென்பது பலர்க்கும் வியப்பாக இருக்கும்.

மிஷன் கொடுத்த ஊதியம் கோனிக்கின் பயணங்களுக்குப் போதவில்லை. ஆகவே 1774-இல் அவர் ஆர்க்காட்டு நவாபாகிய முகமது அலியின் சேவையில் அமர்ந்தார். மிஷன் பணியை விடுத்து அரசர் பணியை நாடினாரே என்று ஒருவர் குறை கூறலாம். எனக்கு அங்ஙனம் தோன்றவில்லை. ஆம்பூர், வேலூர்ப் பக்கத்து மலைகளில் அவர் ஏறி இறங்கிய காலம் இதுவே. பணத்தைக் கருதியவர் மலையேற வேண்டுவதில்லை.

இனி, யான் சொல்ல விழைந்த செய்திக்கு வருவேன். தஞ்சை நாட்டிலே கோனிக் கறையான் புற்றுக்களை அகழ்ந்து, அவற்றின் அமைப்பையும் ஈசல் புறப்படும் காலத்தையும் பொறுமையோடு நோக்கினார். தாம் கண்டவற்றை ஜெர்மன் மொழியில் எழுதினார். பெர்லின் நகரத்து இயற்கை ஆராய்ச்சியாளர் சங்கம் 1779-இல் அதனை அச்சிட்டது. இந்திய நாட்டுக் கறையானைக் குறித்து எழுந்த முதல் ஆராய்ச்சி அதுவே. ஆப்பிரிக்கக் கறையானைப் பற்றி ஸ்மீத்மன் என்பார் இலண்டனில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை 1781-இல்தான் வந்தது. அவரும் கோனிக்கை எடுத்துக் காட்டுகின்றார்.

அதிற் கண்ட ஒரு செய்தியைப் படித்தபோது எனக்கு நகையும் வியப்பும் ஒருங்கே உண்டாயின. நம் நாட்டார் ஈசல் பிடிக்கும் முறையை அவர் விரித்துரைக்கின்றார். புற்றில் காற்று வரும் பக்கம் ஒன்றும், அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றுமாக இரண்டு துளைகள் இடுவர். எதிர்ப்பக்கத் துளையிலே ஒரு பானையின் வாயைப் பொருத்துவர். காற்றுப் பக்கத்தில் நாற்றமுள்ள பொருள்களை எரித்துப் புகையூட்டுவர். புகைக்கு அஞ்சிய ஈசல்கள் பானையில் வந்து நிறையும். சிலவேளை நல்லபாம்பும் உடன் வந்து விழுமாகையால் பானையை எடுப்பவர் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். பிடித்த ஈசலை மாவோடு கலந்து பணியாரமாக்கி ஏழை மக்களுக்கு மலிவாய் விற்பர். அளவுக்கு மிஞ்சி உண்டால் வயிற்றுக்கடுப்பு நேரும். இவையெல்லாம் அவர் கூற்று. புற்றின் ஈயலை மோரொடு புளிக்கக் கூட்டிச் சமைத்த செய்தியைப் புறநானூற்றிற் பயின்றுள்ள நமக்கு, அவ்வுணவு பழந்தமிழர் காலத்திலிருந்து தொடர்ந்து வந்ததென்பது விளங்கும்.

நான் வியந்தது இதற்கன்று. அப்பானையின் உட்புறத்தில் மணமுள்ள ஓர் இலையைத் தேய்ப்பார்களாம். அவ்விலையை அவர் பெர்கேரா என்று பெயரிட்டுக் குறிக்கின்றார். அதுதான் நம் கறிவேப்பிலை! லின்னேயஸ் 1771-இல் அதற்கு இட்ட பெயர் பெர்கேரா கோனிகியை. பிற்காலத்தார் அதனை முர்ரயா என்னும் இனத்திற் சேர்த்தனர்; அண்மைக் காலத்தில் பலர் பெர்கேரா என்னும் பழம்பெயரையே மீண்டும் வழங்குகின்றனர். இனப்பெயர் இப்படிப் போயும் வந்தும் இருக்க, கோனிக்கின் பெயர் மட்டும் அதனை விட்டு அகலவே இல்லை.

புற்றின் உள்ளே தேன்கூடு போன்ற மெல்லிய அடைகளும், அவற்றின்மீது கடுகினும் சிறிய வெண்மணிகளும் இருப்பதைக் கோனிக் கண்டார். அம்மணிகள் ஒருவகைக் காளானின் பகுதிகள். அவற்றை இலங்கையிலே பேராதனையில் பெட்ச் என்பார் 1906-இல் தெளிவாக ஆராய்ந்தார். 1942-இல் ஹைம் என்னும் பிரெஞ்சு அறிஞர் அக்காளான் இனத்துக்கு டெர்மிட்டோமைசீஸ் என்று பெயர் வைத்தார். மழை பெய்தபின் புற்றின்மேல் முளைக்கும் புற்றுக்காளானை நம் ஊரார் பறித்துச் சமைப்பார்களே, அதுவே இது.

இக்காளானின் தொழில் யாதெனில், கறையானுக்கு உணவு சமைத்தல். உதிர்ந்த சருகில் லிக்னின் என்னும் வன்பொருள் உண்டு. அதனைச் சிதைக்க வல்ல உயிர்கள் சிலவே. கறையான் சருகையும் சுள்ளியையும் கடித்து விழுங்கி, முற்றும் செரியாத எச்சத்தால் அடை கட்டுகிறது. அதன்மேற் காளான் வளர்ந்து வன்பொருளைப் பதப்படுத்துகிறது. பதப்பட்ட அடையையும் வெண்மணிகளையும் கறையான் மீண்டும் உண்கிறது. இவ்வாறு இருமுறை செரித்த சருகின் சத்தெல்லாம் முடிவில் மண்ணைச் சேர்கின்றது. காட்டிலே எருவிடுவார் யாரும் இல்லை. விழுந்த சருகு விழுந்தபடியே கிடக்குமாயின் மரங்களுக்கு வேண்டிய சத்து அச்சருகிலேயே சிறைப்பட்டு நிற்கும். அச்சிறையைத் திறப்பவற்றுள் கறையானும் ஒன்று. என் பாட்டனாரின் ஓலையையும் அது காட்டுச் சருகென்றே எண்ணிற்றுப்போலும்.

சருகைத் தின்னும் பூச்சியின் செய்தி இது. பச்சிலை தின்னும் பூச்சிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. எங்கள் வீட்டுக் கொல்லையில் உள்ள கறிவேப்பிலை மரத்தில் ஆண்டுதோறும் புழு விழும். இளமையிற் பறவையெச்சம் போலவும், வளர்ந்தபின் இலையோடு இலையாகப் பசுமையாகவும் தோன்றும் அப்புழு, புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டங்களிலும் காணப்படுவது. மரத்தடியில் கரிய சிறு மணிகளாய் அதன் எச்சம் உதிர்ந்து கிடக்கும். அதனை என் அன்னையார் கூட்டித் தள்ளுவார்.

அம்மணிகளிலே தழைச்சத்து உள்ளது. மரம் தன் இலையைத் தானே உதிர்க்குமுன் அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறத்தாழப் பாதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆதலின் சருகு சத்தற்றது. புழுவோ பச்சிலையை முழுச் சத்தோடும் தின்று, அதன் பெரும்பகுதியை எச்சமாக நிலத்தில் விடுகிறது. அவ்வெச்சம் சருகினும் விரைவாக மண்ணிற் கரையும். காடுகளில் இலைப்பரப்பில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை ஆண்டுதோறும் இங்ஙனம் பூச்சிகளுக்கு உணவாகிறதென்பர். மரத்துக்கு இது நட்டமே. மண்ணுக்கு விரைந்து வரும் வரவு. ஆயினும் ஒரே மரத்தை நெருங்க நட்ட இடத்தில் கணக்கு மாறும். 1840-களில் கானலி துரை தேக்குத் தோட்டம் தொடங்கிய நீலம்பூரிலே, கோடைமழையை அடுத்துத் தேக்குப்புழு பெருகி மரங்களை மொட்டையாக்கும். அப்புழுவால் இளந்தேக்கு அடையக்கூடிய வளர்ச்சியில் நூற்றுக்கு 44 பங்கு குறைவதைக் கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்தனர். ஆகவே புழு நன்றோ தீதோ என்னும் வினாவுக்குக் காட்டில் ஒரு விடை, தோட்டத்தில் வேறொரு விடை.

இவற்றையெல்லாம் கோனிக் அறிந்திருந்தார் என்று யான் கூறவில்லை. அவர் காலத்தில் நைட்ரஜன் என்னும் பொருள் அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பலரும் வெறுத்து இடிக்கும் புற்றைத் திறந்து, உள்ளே இருப்பது யாது என்று நோக்கியதே அவர் செயல்.

1778-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரைத் தம் இயற்கை ஆராய்ச்சியாளராக நியமித்தனர். அவ்வாண்டே சயாமுக்கும் மலாக்காவுக்கும் சென்று, 1780-இல் திரும்பினார். இலங்கையும் கண்டார். விசாகப்பட்டணத்தில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் வைத்தியரோடு நட்புப் பூண்டார். 1785-இல் வடக்கே பயணம் செய்கையில் வயிற்றுக்கடுப்புக் கண்டு, காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் படுக்கையானார். அருகில் இருந்த ராக்ஸ்பரோ வந்து மருத்துவம் செய்தும் பயனில்லை. ஜூன் மாதம் 26-ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 56.

அவர் வாழ்நாளில் தம் பெயரால் அச்சிட்டவை மிகச் சில. தாம் எழுதிய ஏடுகளை எல்லாம் இலண்டனில் இருந்த ஜோசப் பாங்க்ஸ் பிரபுவுக்கே உரிமையாக்கிச் சென்றார். அவர் வரைந்த செடி வருணனைகள் பலவற்றைச் சுவீடன் நாட்டு ரெட்சியஸ் தம் நூலிற் சேர்த்து வெளியிட்டார். ரஸ்ஸல் அவருடைய பதவிக்கு வந்தார். ராக்ஸ்பரோ பின்னாளில் கல்கத்தாத் தோட்டத்தின் தலைவரானார். சயாம் பயணக் குறிப்பு 1894-இல்தான் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கறையான் கட்டுரையோ அதனினும் நெடுங்காலம் ஜெர்மன் மொழியிலேயே உறங்கிக் கிடந்தது. பீகாரிலுள்ள பூசா நகரத்தில் கூடிய பூச்சியியலாரின் நான்காம் கூட்ட நடவடிக்கைகளில், 1921-ஆம் ஆண்டு பிளெச்சர் என்பார் அதனை ஆங்கிலத்தில் ஆக்கி வெளியிட்டார். தஞ்சை நாட்டுப் புற்றுக்களைப் பற்றிய அவ்வெழுத்து இந்திய நாட்டுக்குத் திரும்பிவர 142 ஆண்டுகள் ஆயின.