தங்கையின் சீதனம்

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை சிறு வயதிலேயே ஒன்றன்மேல் ஆசை வைத்து, எத்தனை சொல்லியும் அதை விடாதிருந்தால், வீண் பிடிவாதமென்று தள்ளிவிடாதீர்கள். கிரகோர் மெண்டல் என்ற துறவியின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

இன்றைய செக் நாட்டிலுள்ள ஹைன்சன்டார்ப் என்னும் சிற்றூரில், 1822-ம் ஆண்டு ஒரு குடியானவர் வீட்டில் அவர் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் யோவான். தகப்பனார் அந்தோணி வாரத்தில் மூன்று நாள் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றி உழைத்துவிட்டு, மிஞ்சிய நாட்களில் தம் நிலத்தைப் பார்ப்பார். பழத்தோட்டத்தில் அவருக்கு மிகுந்த பிரியம். பையன் அவரோடு நின்று மரங்களை ஒட்டுக் கட்டப் பழகினான். பங்குக்குருவான ஷ்ரைபர் சுவாமியும் ஊராருக்குப் பழமரம் வளர்க்கக் கற்பித்து வந்தவர். பள்ளியிலும் அதுவே ஒரு பாடம்.

பையனுடைய அறிவுத் தாகத்தைக் கண்ட ஆசிரியர், அவனை மேலே படிக்க வைக்கும்படி சொன்னார். அவனோ வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை, நிலத்துக்கு வாரிசு. ஆயினும் பெற்றோர் அவனை அனுப்பினார்கள். ட்ரோப்பாவ் நகர்ப் பள்ளியில் அரைச் சாப்பாட்டுக்குத்தான் அவர்களால் பணம் கட்ட முடிந்தது. மீதிப் பசிக்கு வீட்டிலிருந்து வண்டியில் ரொட்டியும் வெண்ணெயும் போகும்.

1838-ல் மரம் விழுந்து தகப்பனாருக்கு மார்பில் பலத்த காயம். அதுமுதல் 16 வயது மகன் பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தன் வயிற்றைக் கழுவினான். பசியும் கவலையும் அவனை இருமுறை நோயில் தள்ளின. ஊருக்குத் திரும்பிப் படுத்தவன், எழுந்ததும் மறுபடி புத்தகத்தையே நாடினான்.

1841-ல் தகப்பனார் நிலத்தை மூத்த மருமகனுக்கு விற்றுவிட்டார். அப்போது கடைக்குட்டி தெரேசியா, தன் சீதனப் பங்கில் ஒரு பகுதியை அண்ணன் படிப்புக்கென்று விட்டுக்கொடுத்தாள். அவளுக்கு வயது 12.

படிப்பு நின்றுபோகவில்லை. 1843-ல் அவர் புரூன் நகரின் அகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்து கிரகோர் ஆனார். 1847-ல் குருப்பட்டம் பெற்றார். ஆசிரியர் பரீட்சையில் 1850-ல் தவறினார். மடத்து அதிபர் அவரைக் கைவிடாமல் வியன்னா சர்வகலாசாலைக்கு அனுப்பினார். 1856-ல் மறுபடி எழுதப் போன பரீட்சையும் கைகூடவில்லை. அதே ஆண்டில்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார். எட்டு வருஷத்தில் ஏறக்குறைய 28,000 செடிகள்! உயரச் செடியையும் குட்டைச் செடியையும் இணைத்தால் முதல் தலைமுறை முழுவதும் உயரம். மறைந்திருந்த குட்டைக் குணம் அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்றில் திரும்பிவரும் என்று கண்டார். 1866-ல் அச்சான அந்த ஆராய்ச்சியைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1884-ல் அவர் இறந்தார். 1900-ல்தான் உலகம் அதன் அருமையை உணர்ந்தது. இன்றைய மரபியலுக்கு அதுவே அஸ்திவாரம்.

தெரேசியாவின் கடனை அண்ணன் மறக்கவில்லை. அவளுடைய மூன்று ஆண்மக்களின் படிப்புக்கும் உதவினார், இருவர் வைத்தியர்களானார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் மெண்டல் ஆகப் போவதில்லை. அந்தோணியும் தெரேசியாவும் புகழை எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை. பசியிலும் நோயிலும் குறையாத ஆவலைக் கண்டார்கள். தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டிலும் அத்தகைய ஆவல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அரைச் சாப்பாட்டுக்கு வழியிருந்தாலும் அனுப்பிவையுங்கள்.