டாக்டர்கள் எதிர்த்தும் ஜெயித்த முதல்-மந்திரி

கனடா நாட்டில் வின்னிபெக் நகரம். ஆஸ்பத்திரியில் ஒரு சிறுவன் படுத்திருந்தான். வலது கால் எலும்பில் சீழ் பிடித்துவிட்டது. காலை எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்றார்கள். தகப்பனார் இரும்பு வார்ப்புத் தொழிலாளி. பெரிய டாக்டரை அழைக்கப் பணம் ஏது?

பிரபல ஆபரேஷன் டாக்டர் ஒருவர் பையனைப் பார்த்தார். தம் மாணவர்கள் கூட இருந்து பார்க்கச் சம்மதித்தால், பணம் வாங்காமல் ஆபரேஷன் செய்வதாகக் கூறினார். பெற்றோர் சம்மதித்தார்கள். கால் தப்பியது.

அந்தச் சிறுவன்தான் டாமி டக்ளஸ். 1904-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடுக்க இருந்த காலோடு குத்துச்சண்டை மேடை ஏறி, 1922-ல் மானிடோபா மாகாணத்தின் "லைட்வெயிட்" சாம்பியன் ஆனார்!

ஆனால், ஒரு கேள்வி அவரை விடவில்லை. டாக்டர் இரக்கப்பட்டார், கால் தப்பியது. இரக்கப்படாவிட்டால்?

பாதிரியார் மந்திரி ஆனார்

படித்துப் பாதிரியார் ஆனார் டக்ளஸ். 1930-ல் சஸ்காட்சுவான் மாகாணத்தில் வெய்பர்ன் என்ற ஊருக்குப் போனார். மழை இல்லை. கோதுமைக்கு விலையும் இல்லை. ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்து அரசியலில் குதித்தார். 1935-ல் பார்லிமெண்டு மெம்பர். 1944-ல் அவருடைய சி.சி.எப். கட்சி மாகாண ஆட்சியைப் பிடித்தது. டக்ளஸ் முதல்-மந்திரி ஆனார்.

1947-ல் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர் கட்டினால், ஆஸ்பத்திரிச் செலவு சர்க்கார் பொறுப்பு. டாக்டர் பீஸ் மட்டும் பாக்கி.

1960 தேர்தல்

அதையும் சர்க்காரே கொடுக்கும் என்று அறிவித்து, 1960 ஜூன் தேர்தலில் இறங்கினார். சர்க்கார் தங்களுக்கு எஜமான் ஆகிவிடும் என்று டாக்டர்கள் பயந்தார்கள். ஆளுக்கு 100 டாலர் வசூலித்துப் பிரசாரம் செய்தார்கள். திட்டம் வந்தால் டாக்டர்கள் மாகாணத்தை விட்டே போய்விடுவார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. நோயாளி உள்ள வீட்டில் இந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும்!

ஓட்டு எண்ணினார்கள். ஆளும் கட்சிக்கு 37 இடம். லிபரல் கட்சிக்கு 17. மறுபடியும் டக்ளஸ் ஆட்சி! ஆனால், ஜனங்கள் எல்லோரும் அவர் பக்கம் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. அவர் கட்சிக்குக் கிடைத்தது 100-க்கு 41 ஓட்டுதான். எதிர் ஓட்டுகள் சிதறிப் போயின.

1961-ல் சட்டம் நிறைவேறியது. டக்ளஸ் புதுக் கட்சியின் தலைவராகி, டெல்லி போல அங்கே தலைநகரான ஒட்டாவா அரசியலுக்குப் போனார். 1962 ஜூன் மாதம் பார்லிமெண்டு தேர்தலில் ரெஜினா தொகுதியில் அவரையே தோற்கடித்தார்கள்!

ஜூலை 1-ந் தேதி திட்டம் அமுலுக்கு வந்தது. அன்றே டாக்டர்கள் "ஸ்டிரைக்" செய்தார்கள். 23 நாள் நடந்தது. புதிய முதல்-மந்திரி லாயிட் அசையவில்லை. டாக்டர்களுக்குச் சில சலுகைகள் கொடுத்தார், திட்டத்தைக் கைவிடவில்லை.

1966-ல் கனடா முழுவதற்கும் இதே மாதிரி சட்டம் வந்தது. கொண்டுவந்தது யார் தெரியுமா? லிபரல் சர்க்கார்!

டக்ளஸ் 1986-ல் காலமானார். 2004-ல் கனடா டெலிவிஷன், நாட்டின் மிகப் பெரிய மனிதர் யார் என்று ஜனங்களிடம் ஓட்டு எடுத்தது. அதிலும் டக்ளஸ்தான் ஜெயித்தார்.