10,000 பேரில் 2 பேர்: நெஞ்சைத் திறக்காமல் இதயக் கட்டியைக் காண வழி செய்த எட்லர்

மூச்சு வாங்குது, அடிக்கடி மயக்கம் வருதுன்னு நீங்கள் போனால், மருத்துவர் எக்கோ எடுத்துட்டு வரச் சொல்வார். நெஞ்சில் கொஞ்சம் ஜெல், சில நிமிடங்கள், கையில் ரிப்போர்ட். இதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டியவர், ஸ்வீடன் நாட்டு இதய மருத்துவர் இன்கே எட்லர்.

1911இல் பிறந்த எட்லர், லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1950இல் அங்குள்ள மருத்துவமனையின் இதயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். வால்வு அறுவை சிகிச்சை அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கு அது பலன் தரும். அதே வால்வில் ரத்தம் கசிபவருக்கு ஆபத்து. யாருக்கு எது என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்வது கடினம். எட்லரின் கவலையே அதுதான்.

கப்பல் தளத்துக் கருவி

கைகொடுத்தவர் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸ். மால்மோ நகரின் கோக்கம்ஸ் கப்பல் கட்டும் தளத்தில், உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் அனுப்பிப் பார்க்கும் கருவி இருந்தது. அதைக் கடன் வாங்கி நெஞ்சில் வைத்துப் பார்த்ததில் நம்பிக்கை பிறந்தது. பிறகு சீமென்ஸ் நிறுவனம் கொடுத்து உதவிய கருவியில், 1953 அக்டோபர் 29 அன்று இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள்.

இப்போது மாதிரி படமெல்லாம் இல்லை, வெறும் அலைக்கோடுகள்தான். ஒரு கோட்டை, இடது மேலறையின் சுவர் என்றே எட்லர் முதலில் நினைத்தார். இறந்தவர்களின் இதயங்களோடு ஒப்பிட்ட பிறகுதான், அது மைட்ரல் வால்வின் இதழ் என்று தெரிந்தது.

கட்டி எப்படிச் சிக்கியது?

இதயத்திலேயே உருவாகும் கட்டிகள் அபூர்வம். பிரேதப் பரிசோதனைகளில் சுமார் 10,000 பேரில் 2 பேரிடம்தான் தென்படுகின்றன. அவற்றில் பரவலானது மிக்சோமா. இது புற்றுநோய் இல்லை. ஆனால் பெரும்பாலும் இடது மேலறையில் காம்பில் தொங்கியபடி ஆடும். வால்வு திறக்கும்போது வாசலை அடைக்கும். அறிகுறிகள் வால்வு சுருக்கம் மாதிரியே இருக்கும். துண்டு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

1954இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் இந்தக் கட்டியை வெற்றிகரமாக அகற்றினார். ஆக, அகற்ற முடியும், கண்டுபிடிப்பதுதான் சிக்கல். எட்லர் காட்டிய வழியில் போன ஜெர்மன் மருத்துவர் ஸ்வென் எஃபெர்ட், 1959இல் அதை எக்கோவிலேயே கண்டார். வால்வுக் கோட்டுக்குப் பின்னால், வெற்றிடமாக இருக்க வேண்டிய பகுதியில், எதிரொலிகள் திரளாகத் தெரிந்தன. அதுதான் கட்டி.

எட்லரும் ஹெர்ட்ஸும் 1977இல் லாஸ்கர் விருது பெற்றார்கள். எட்லர் 2001இல், 89 வயதில் காலமானார்.

உங்களுக்கு இதில் என்ன?

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்குவது இந்தியாவில் இன்னும் இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பில் அதுவும் மிக்சோமாவும் ஒரே மாதிரி கேட்கலாம். முன்னதற்கு பலூன் சிகிச்சை போதுமானதாக இருக்கலாம். பின்னதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. எது என்று பிரித்துச் சொல்வது எக்கோ. அதனால் மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.