கலைவாணர் காட்டிய சிரிப்பு

ஆண்டு விழா என்றால் நம் ஈஜிபுரா குடியிருப்புப் பிள்ளைகளுக்கு நகைச்சுவை நாடகத்தின்மீதே நாட்டம். அவர்கள் வழிகாட்டியாகக் கொள்ளத்தக்க கலைஞர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற விழைகிறோம். அவர்தாம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

நாகர்கோயிலைச் சேர்ந்த ஒழுகினசேரியில் 1908-ஆம் ஆண்டு எளிய குடும்பத்தில் பிறந்தார். வறுமை பள்ளிப் படிப்பைத் தடுத்தது, வில்லுப்பாட்டும் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக மேடையுமே அவருக்குப் பள்ளியாயின. 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி' அவர்தம் தொடக்ககாலப் படங்களுள் ஒன்று. பிறர் எடுத்த படங்களிலும் தம் நகைச்சுவைக் காட்சிகளைத் தாமே புனைந்து, துணைவியார் டி. ஏ. மதுரம் அம்மையாருடனும் தம் குழுவினருடனும் தாமே அமைத்தார். ஆகவே, இயக்குநர் என்னும் பெயர் வருமுன்பே அப்பணியை அவர் செய்துவந்தார் எனலாம்.

புகழின் உச்சியில் பேரிடி விழுந்தது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-இல் பாகவதருடன் கைதானார். ஆயுள் தண்டனையும் பெற்றார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1947-இல் விடுதலை கிடைத்தது. பிறராயின் உள்ளம் கசந்திருப்பர். அவரோ 'பைத்தியக்காரன்' படத்தில் தம் சிறை வாழ்வையே நகைச்சுவைப் பாட்டாக்கினார்!

அறிஞர் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' 1949-இல் வெளிவந்தது. அதில் மதுவின் கேட்டைச் சிரிப்பினூடே உணர்த்தினார். நந்தனார் கதையைத் தழுவிய 'கிந்தனார்' காலட்சேபத்தில், தாழ்த்தப்பட்ட சிறுவன் கல்வியால் உயர்வதைப் பாடினார். பின்னர், கலைஞர் கருணாநிதியின் வசனத்தில் 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகிய படங்களைத் தாமே இயக்கினார். பத்மினி தமிழில் கதாநாயகியானது 'மணமகள்' படத்திலேதான்.

ஈட்டியதையெல்லாம் ஈந்த அவ்வள்ளல், 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள், ஐம்பது அகவையும் நிரம்பாமல் மறைந்தார். சென்னையிலுள்ள கலைவாணர் அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூட நம்பிக்கை, சாதிச் செருக்கு, குடி ஆகியவற்றையே அவர் எள்ளினார்; எளியோர் மனம் புண்படப் பேசாமையை நெறியாகக் கொண்டார். கன்னட மக்களோடு கலந்து வாழும் நமக்கு அந்நெறி மிகவும் வேண்டுவது. அயலாரின் பேச்சையோ, ஒருவரின் நிறத்தையோ, குறையையோ காட்டிச் சிரிக்க வைப்பது எளிது. அது கலைவாணர் காட்டிய சிரிப்பன்று. மேடையேறும் நம் பிள்ளைகள் இதனை மனத்திற்கொள்வார்களாக.